கேட்டுக்கொள்கிறோம்

“மைக் அக்காவ வேலைய விட்டு எடுத்துட்டாங்களாம்” என்று சித்தி மகன் செய்தி அனுப்பியிருக்கிறான். அவனுக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர்; அவருக்குச் சொன்னது யாரோ ஒரு பேருந்து ஓட்டுநர். கைமாறியதில் செய்திக்கு வாலும் முளைத்திருந்தது: மைக்கை அணைக்காமலே மேலாளரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாளாம். கடல் கடந்து இருப்பவன், இதில் எது நிஜமென்று யாரைக் கேட்பது?

மைக் அக்கா என் கூடப்பிறந்தவள். நகரப் பேருந்து நிலையத்தின் மாடியில், ஜன்னலில்லாத அறையிலிருந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பவள். பார்க்க ஆளில்லாத அந்த அறைக்கு இஸ்திரி மடிப்புக் கலையாத உடையில்தான் போவாள். ‘பயணிகளைக் கேட்டுக்கொள்கிறோம்’ என்னும்போதும், ஆங்கிலத்தில் ‘ரிக்வெஸ்ட்’ என்னும்போதும் அவள் தலை லேசாகத் தாழும்.

“யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன் ஒருமுறை.

“குரலுக்குத் தெரியும்டா. தலை குனியலன்னா ‘கேட்டுக்கொள்கிறோம்’ போய் ‘கேட்டுக்கோ’ன்னு வந்துடும்.”

கீழே நிற்கும் ஓட்டுநர்களுக்கும் அதே மரியாதைதான். வழிமறித்து நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டால், ஹாரனை மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்த்துவார்கள். நடத்துநர் தொண்டை கிழியக் கத்தியும் நகராத வண்டிகள் அவை.

வீட்டில் இந்தச் சொல்லை வைத்து அத்தானுக்கு ஓயாத கிண்டல். “கணவர் சாப்பிட வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறாரா?”

“சாப்பாட்டுக்கு ரிக்வெஸ்ட் எல்லாம் கிடையாது. வாங்கன்னா வரணும்.”

இரண்டு மொழியில் படித்தவன் என்று என்னிடம் சந்தேகம் கேட்பதுண்டு. ‘ரிக்வெஸ்ட்’ என்ற வினைக்கும் ‘யூ’வுக்கும் நடுவில் ‘டு’ வருமா என்று ஒருநாள் கேட்டாள். வராது என்றேன்.

“அதானே! ஒருத்தர நேராப் பாத்துக் கேக்கறப்போ நடுவுல அவன் எதுக்கு?”

எங்கள் பள்ளியில் இலக்கணத்தை இப்படி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வாக்கியத்தை அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். “எங்க அக்கா சொன்னது” என்று சேர்த்தும் சொன்னேன்.

புதிதாக வந்த மேலாளருக்குத்தான் ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்ற சொல் உறுத்தியது. ‘செல்லவும், நிற்கவும்’ போதும். திங்கட்கிழமையிலிருந்து அது வேண்டாம். முடியாதென்றால் பதிவு செய்த குரலை ஓடவிடுவோம் என்றாராம்.

“கேட்டா முடியாதுன்னு சொல்லிடுவாங்கம்மா. நாம சொல்லணும், அவங்க செய்யணும்.”

“முடியாதுன்னு சொல்ல இடம் விட்டுத்தான் சார் கேக்கறேன். இதுவரைக்கும் யாரும் சொல்லலையே.”

நேற்று பேசும்போது இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டாள். “காலையில அவர் ரூமுக்குப் போறேன்டா. இத்தனை வருஷமா நிலையத்துக்காகக் கேட்டேன். எனக்காக ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்.”

“அவர் முடியாதுன்னுட்டா?”

“சொல்லட்டுமே. அவருக்கும் அந்த இடம் உண்டுல்ல?”

இன்று திங்கள். அவள் மைக் முன்னால் உட்காரும் நேரம் தொடங்கிவிட்டது. வீட்டில் சும்மா இருந்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்து, “என்னடா, இளைச்சுட்டியா?” என்பாள், முகம் தெரியாத போனில்கூட. மைக் முன்னால் இருந்தால் மணியோசையை அடக்கி, கைபேசியைக் கவிழ்த்து, அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துவிடுவாள். பிறகு வீடே பற்றி எரிந்தாலும் தொடமாட்டாள்.

அழைத்தேன். முதல் மணி. இரண்டாவது மணி. மூன்றாவதும் போகிறது.

எடுத்துவிடாதே, அக்கா. கேட்டுக்கொள்கிறேன்.