சமையற்கட்டுப் பக்கம் வந்த சனி

வியாழனை முதன்முதலாக உருப்படியாகப் படம் பிடித்தபோது, என் மனைவி அதை ஏற்காட்டு ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "குரு பகவானுங்க, ஊட்டுக்கு நல்லதுதானே" என்றவள், நான் மண்டையை உடைத்துக்கொண்டு எடுத்த வியாழனின் மேகப் பட்டைகளின் மேலேயே குங்குமத்தை அப்பினாள். சுக்கிரன் என் கேமராவில் வெறும் வெள்ளைப் பிறையாகத்தான் விழுந்தது. அதற்கும் வெள்ளிக்கிழமை ஒரு பூ கிடைத்தது. சனிக்கு மட்டும் எங்கள் வீட்டில் இடமே கிடையாது. படம் என்ன, பேரைக்கூடச் சொல்லக்கூடாது. 'அவரு' என்றுதான் சொல்ல வேண்டும், அதுவும் மெதுவாக.

எஸ்டேட்டில் மோட்டார், பம்ப்செட், காபிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின் எல்லாம் பழுது பார்ப்பது என் வேலை. ஸ்பேனர் பிடிக்கிறவனுக்கு ஆகாயத்தில் என்ன சோலி என்று எங்கள் லைன் வீடுகளில் கேட்காதவர்கள் இல்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். ஆறு அங்குலக் கண்ணாடி வைத்த பழைய டெலஸ்கோப், கண்ணை வைக்கிற இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கேமரா, அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர். இவ்வளவுதான் என் சாமான். கோள்களை ஒரே அமுக்கில் எடுத்துவிட முடியாது. நமக்கு மேலே காற்று சும்மா இருப்பதே இல்லை. அதனால் வீடியோவாக எடுத்து, காற்று அடங்கியிருந்த நேரத்தில் விழுந்த நல்ல படங்களை மட்டும் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். பொறுமை இல்லாத எனக்கு இது எப்படிப் பிடித்துப்போனது என்று எனக்கே தெரியவில்லை.

அந்த மார்கழியில் பக்கத்து எஸ்டேட்டின் பழைய பங்களாவைத் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். என் மனைவி ஒரு கல்யாணத்தில் செய்த சமையலைச் சாப்பிட்டிருக்கிறார்.

"ஏனுங்கக்கா, சமையக்கட்டு முழுசும் உங்க பொறுப்புங்க. என்ன செய்யறது, யார வேலைக்கு வெக்கறது, எல்லாம் நீங்க சொல்றதுதான். தை பொறந்ததும் ஆரம்பிக்கணுங்க. பொங்கலுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிருங்க."

இத்தனை வருஷமும் அவள் அடுத்தவர் அடுப்படியில் கையாளாக இருந்தவள். உப்புப் போடுவதற்குக்கூட இன்னொருத்தரிடம் கேட்க வேண்டும். தனக்கென்று ஒரு சமையற்கட்டு வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேனேஜர் போன பிறகு என்ன அமர்க்களம்! தனக்குத் தானே பேசிக்கொண்டாள், சிரித்துக்கொண்டாள், எனக்கு இரண்டு தரம் டீ கொடுத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அடிவாரம் இறங்கி ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஏழரை நடக்குதாமுங்க. அவரு பார்வ எம்மேலதான் இருக்குதாம். புதுசா எதையும் தொட வேண்டாம்னுட்டாரு. இனி அந்தப் பேச்ச எடுக்காதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏ புள்ள, அவரு எங்க இருக்காரு, நீ எங்க இருக்க! உன்ன பாக்கறதத் தவிர அவருக்கு வேற பொழப்பே இல்லயா?" என்று கத்தினேன். கையிலிருந்த ஸ்பேனரை வீசியதில் நாய்தான் பயந்து ஓடியது. அவள் புளியைக் கரைக்க ஆரம்பித்தாள். பதிலுக்குக் கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். தன் ஆசையை அப்படியே மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

வீம்புக்குத்தான் சனியைப் பிடிக்கக் கிளம்பினேன். அப்போது அது பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரிந்தது. வீட்டில் வைத்தால் சண்டை வரும் என்று டெலஸ்கோப்பைக் காபி காயப்போடும் களத்துக்குத் தூக்கிப் போனேன். சமதளம், மறைக்க ஒரு மரம் கிடையாது, காயப்போட்ட காபியையும் சாயங்காலமே கூட்டிப் படுதா போட்டு மூடிவிடுவார்கள். இதைவிட நல்ல இடம் எது?

லேப்டாப்பில் பார்த்தால் சனி கொதிக்கிற தண்ணீரில் போட்ட முட்டை மாதிரி ஆடியது. வளையம் எது, உருண்டை எது என்று தெரியவில்லை. அடுத்த நாளும் அதே ஆட்டம். கண்ணாடியைத் துடைத்தேன், வயரை மாற்றினேன், லேப்டாப்பை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இந்த ஆளுக்கு நிஜமாகவே நம் மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டேன். வெட்கக்கேடு! கடைசியில் அலுத்துப்போய்க் களத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் சுட்டது. பகல் முழுக்க வெயில் குடித்த சிமெண்டு, பனி இறங்கிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கிறது. அந்த அனல் வழியாக நான் சனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காபி காய்வதற்கென்றே கட்டிய இடம் வேறு எப்படி இருக்கும்?

சிமெண்டு இல்லாத, மேற்கு திறந்த இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். எங்கள் சமையற்கட்டுக்குப் பின்னால், சௌசௌ பந்தலை ஒட்டிய புல்தரை. மறுநாள் விளக்கு வைத்த கையோடு டெலஸ்கோப்பை அங்கே இறக்கினேன். அவள் எட்டிப் பார்த்தாள். "அவரையா புடிக்கறீங்க? என் அடுப்படி வாசல்லயா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புல் குளிர்ந்து கிடந்தது. திரையில் சனி அசையாமல் நின்றது. சின்ன உருண்டை, அதைச் சுற்றிக் கொஞ்சம் சாய்ந்த வளையம், நடுவில் சுத்தமான கறுப்பு இடைவெளி. "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன். நான் எங்கேயோ விழுந்துவிட்டதாக நினைத்து அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"ஒரே ஒரு தடவ வந்து பாரு புள்ள."

"மாட்டேனுங்க. கோயில்லயே அவரு முன்னால நேரா நிக்க மாட்டோம். ஒதுங்கி நின்னுதானே கும்புடறோம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் டெலஸ்கோப்பில் வெளிச்சம் குழாயின் அடியிலுள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மேலே ஒரு சின்னக் கண்ணாடியில் மோதிப் பக்கவாட்டில் வரும். கண்ணை வைக்கிற ஓட்டையும் பக்கவாட்டில்தான் இருக்கிறது. "நேரா எங்க பாக்கற? குழாய்தான் அவரப் பாக்குது. நீ ஒதுங்கி நின்னு, மூஞ்சிய சௌசௌ பந்தல் பக்கம் வெச்சுக்கிட்டு கண்ணாடியத்தான் பாக்கற" என்றேன்.

அவள் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சரிபார்த்தாள். என் பேச்சை அப்படியே நம்புகிறவள் இல்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். நான் கேமராவைக் கழற்றி, பார்க்கிற லென்ஸை மாட்டினேன். அவள் குனிந்தாள்.



"அட என் சாமீ... இத்துனூண்டா இருக்காருங்க! கருப்பா இருப்பாருன்னு நெனச்சேன், பாசிப்பருப்பு நெறத்துல இருக்காரே. நொம்ப அழகுங்க." கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "இப்ப என்னைப் பாத்துக்கிட்டா இருக்காரு?"

"இப்ப எங்க? அங்கிருந்து வெளிச்சம் இங்க வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நீ விளக்கு வெக்கறதுக்கு முன்னாலயே கிளம்பினது இது."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப அவரு பார்வயும் வந்து சேர அத்தன நேரமாகுமுங்களா?"

"வெளிச்சத்தவிட வேகமா எதுவும் வராது புள்ள."

யோசித்தாள். என்னைப் பார்த்தாள், மேற்கே பார்த்தாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜோசியரைப் பார்த்து வந்த பிறகு அவள் இப்போதுதான் சிரிக்கிறாள். 

"அவரு பாத்து, அது இங்க வந்து சேர்றதுக்குள்ள நான் நாலு ஈடு இட்லிய எறக்கி, பந்தியே முடிச்சுருவேனுங்க" என்றாள்.

உள்ளே போய்ப் போனை எடுத்து மேனேஜரை அவளே கூப்பிட்டாள். புல்லில் நின்றபடியே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வர்றேனுங்க. ஆனா ஒண்ணு, உளுந்து நாந்தான் பாத்து வாங்குவேன்."