உன் வீட்டுக்குப் போ

பக்காரி ஷெக்குவே என் அக்கா திமாவின் புருஷன். லாமுத் தீவின் படகுத்துறையிலிருந்து சிமெண்ட், மணல், கல் எல்லாவற்றையும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறவர். எங்கள் சந்துகளில் வண்டி நுழையாது. வீடு கட்டுகிற எவனும் அவரிடம் வந்துதான் ஆகவேண்டும். பொய் பேசமாட்டார், சுமையில் கை வைக்கமாட்டார், கழுதையை அடிக்கமாட்டார். இவ்வளவு நல்லவரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று என் அக்காவைக் கேட்டால் சொல்லுவாள்.

மனுஷருக்கு ஒரே வியாதிதான், நிய்யத்து, ஒரு காரியத்தை எதற்காகச் செய்கிறோம் என்று மனசில் வைக்கிற எண்ணம். நிய்யத்து எங்களுக்கும் உண்டு. தொழுகைக்கு முன்னால் மனசில் நினைக்கிறோம், நோன்புக்கு முந்தின ராத்திரியே நினைத்துக்கொள்கிறோம், அப்புறம் ஆகவேண்டிய வேலையைப் பார்க்கிறோம். இவர் நிய்யத்து வைத்தபிறகு, அது சுத்தமாக அல்லாஹ்வுக்காகத்தானா, இல்லை பக்கத்தில் நிற்கிறவன் பார்க்கிறான் என்பதற்காகவா என்று உள்ளே போய் ஒரு தடவை தேடிவிட்டு வருவார். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். இமாம் ருகூவுக்குக் குனியும்போதுதான் இவர் தொழுகைக்குள்ளேயே நுழைவார். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தன் தொழுகைமேல் சந்தேகம் தொற்றிக்கொள்ளும். நான் அவர் பக்கத்தில் நிற்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

ஒருமுறை பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டியை அவராகவே தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் பாராட்டிவிட்டார். மறுநாளிலிருந்து தொட்டி பக்கம் தலை காட்டவில்லை. அப்புறம், ஊருக்குப் பயந்து ஒரு நல்ல காரியத்தை நிறுத்துவதும் ஊருக்காகச் செய்வதுதானே என்று தோன்றியிருக்கிறது. மறுபடி தேய்க்க வந்தார். மறுபடி பாராட்டினார்கள். கடைசியில் பள்ளிவாசல் ஊழியர் பிரஷ்ஷைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, உங்கள் மனசு ஒரு நிலைக்கு வரட்டும், அதுவரை தொட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

நான் படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவன். மீனவர்கள் சில நாள் மீனும் தருவார்கள். ஒன்றிரண்டு அக்கா வீட்டுக்குக் கொண்டு போவேன். வாசலிலேயே கேட்பார், என்ன நிய்யத்தில் கொண்டு வந்தாய் மாப்ளே என்று. மிஞ்சிப் போச்சு மச்சான், வைத்திருந்தால் நாறிவிடும் என்பேன். அவருக்கு முகம் மலர்ந்துவிடும். கலப்படமில்லாத பதில் என்று வாங்கி வைத்துக்கொள்வார்.

எனக்கு அவர்மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. தன்னையே இவ்வளவு சந்தேகப்படுகிறவன் உள்ளே எதையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்பது என் கட்சி. அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துவிட்டு, ஒளித்து வைக்க அவருக்கு இடமே கிடையாதுடா, தினமும் எல்லாத்தையும் வெளியே கொட்டிக் கொட்டிப் பார்க்கிறாரே என்பாள்.

நபி பிறந்த மவ்லிது மாதம் வந்தது. தீவு முழுக்க வெளியூர்க் கூட்டம். அக்கா விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டி, சந்தில் தங்கியிருந்த விருந்தாளிகளுக்கெல்லாம் பிலாவ் ஆக்கிப் போட்டாள். வந்தவர்கள் எல்லோரும் திமாவின் கைப்பக்குவத்தைப் பேசிக்கொண்டே போனார்கள். இவர் ஒரு மூலையில் உட்கார்ந்து அந்தப் புகழ்ச்சியை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கூட்டம் கலைந்ததும், அடுப்புச் சாம்பல்கூட ஆறாத நேரத்தில், அக்காவிடம் கேட்டிருக்கிறார், இதில் அல்லாஹ்வுக்கு எவ்வளவு, ஊர் வாய்க்கு எவ்வளவு என்று.

அக்கா பொறுமைசாலி, ஆனால் அன்றைக்கு முதுகு ஒடிந்து போயிருந்தாள். உப்பு எவ்வளவு போட்டேன் என்று கேளுங்கள் சொல்கிறேன், இதை நான் அளந்து போடவில்லை என்றாள். அதோடு விட்டிருக்கலாம். இப்படிப் பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்கிறீர்களே, என்மேல் உங்களுக்கு எப்போதாவது ஒரு நிய்யத்து இருந்திருக்கிறதா என்றும் கேட்டுவிட்டாள். எங்கே பட்டதோ தெரியவில்லை, குரலே உயர்த்தாத மனுஷர் எழுந்து நின்று கத்தினார்.

"உன் வீட்டுக்குப் போ!"

எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இந்த வார்த்தையின் ஆபத்து தெரியும். தலாக் என்று நேராகச் சொன்னால் அது தலாக்தான், விளையாட்டுக்குச் சொன்னேன் என்றாலும் போச்சு. ஆனால் உன் வீட்டுக்குப் போ என்பது சுற்றிவளைத்த வார்த்தை. சொல்லும்போது மனசுக்குள் விட்டுவிடுகிறேன் என்ற நிய்யத்து இருந்தால் அந்த நிமிஷமே கல்யாணம் முறிந்தது. இல்லையென்றால் அது வெறும் கோபம், காற்றோடு போயிற்று. வார்த்தையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, மனசைத்தான் கேட்கவேண்டும். அப்படிப்பட்ட வார்த்தையை, தன் மனசைத் தனக்கே தெரியாத மனுஷர் எடுத்துச் சொல்லிவிட்டார்.

அதிலும் ஒரு கூத்து. அந்த வீடே அக்காவுடையது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அப்பன் வீட்டைக் கட்டிக் கொடுப்பான், மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுவார். இவரும் அப்படி வந்தவர்தான்.

"நான் நிக்கிறது யார் வீடு?" என்று மட்டும் அக்கா கேட்டாள்.

இவர் சுற்றும்முற்றும் பார்த்தார். தொழுகைப் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கழுதைக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

மறுநாள் அக்கா என் பட்டறைக்கு வந்தாள். கண் சிவந்திருக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மகள் மொம்பாசாவில் வாழ்கிறாள், அவள் காதுக்கு இது போகக்கூடாது என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "நான் இப்போ அவருக்குப் பொண்டாட்டியா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லுடா" என்றாள்.

காஜியாரிடம் அவரை நான்தான் கூட்டிப் போனேன். காஜி ஷரீஃப் அபூது வயதானவர், இந்த மாதிரி வழக்கு நிறையப் பார்த்தவர். சொன்ன நேரத்தில் மனசில் பிரிவு இருந்ததா இல்லையா என்று கேட்டார்.

"இருந்திருக்கலாம்" என்றார் மச்சான். கொஞ்சம் யோசித்து, "இல்லாமலும் இருந்திருக்கலாம்" என்றார்.

காஜியார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சந்தேகம் வந்து உறுதியான ஒன்றை உடைக்காது, உன் கல்யாணம் உறுதி, உன் நிய்யத்து சந்தேகம், அதனால் வீட்டுக்குப் போ என்றார் காஜியார். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், மூன்று மாதத் தவணைக்குள் அவளைத் திருப்பிக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொல், இரண்டு பக்கமும் சரியாகிவிடும் என்று வழியும் காட்டினார். ஒரே ஒரு வார்த்தை. வாய் உள்ள எவனும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான்.

இவர் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அந்த நாளை வரவே இல்லை. கொட்டகைக்குப் போய்ச் சண்டை போட்டேன். திருப்பிக்கொள்வது அவளுக்காகவா, இல்லை சூடான சாப்பாட்டுக்கும் மெத்தைக்கும் ஆசைப்பட்டா என்று தெரியவில்லை மாப்ளே, தெரியாமல் எப்படிச் சொல்வது என்றார். காஜியார் மேலும் அவருக்குச் சந்தேகம். அவர் நமக்குத் தூரத்துச் சொந்தம், குடும்பம் பிரியக்கூடாது என்று சாய்த்துச் சொல்லியிருக்கலாமாம்.

எனக்கு வேறு சந்தேகம் வந்தது. லங்கோனிப் பக்கம் ஸேனா என்று ஒரு விதவை இருக்கிறாள். மழையில் அவள் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. இவருடைய கழுதைகள் அந்தச் சந்துக்குள் போவதும் வருவதுமாக இருக்கின்றன என்று துறையில் பேசிக்கொண்டார்கள். நானே போய்ப் பார்த்தேன். கல்லை இறக்கிக்கொண்டிருந்தார். அவள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார். நிமிர்ந்து பார்க்காததுதான் எனக்கு ரொம்பச் சந்தேகமாக இருந்தது.

வழிமறித்துக் கேட்டேன். முகம் தொங்கிப் போயிற்று. "யாருக்கும் தெரியக்கூடாதுன்னு செஞ்சேன் மாப்ளே. தெரிஞ்சா நல்லவன்னு சொல்லுவாங்க" என்றார்.

"இப்போ ஊர் உங்களை நல்லவன்னா சொல்லுது? கேட்டுப் பாருங்க."

"அது பரவாயில்லை" என்றார். நிஜமாகவே நிம்மதியாகச் சொன்னார். இவரை அடிப்பதா, இவர் காலில் விழுவதா என்று எனக்கு விளங்கவில்லை. நம்பவும் இல்லை. ஒரு பெண்ணை வாசலில் உட்கார வைத்துவிட்டு இன்னொருத்தி வீட்டுக்குச் சுவர் வைக்கிறவனை எவன் நம்புவான்.

தவணை முடிந்தது. முடிந்த அன்றைக்குத்தான் இவருக்கு உறைத்தது. ஒருவேளை அன்றைக்கு நிய்யத்து இருந்திருந்தால், இனிமேல் ஒரு வார்த்தையில் திருப்ப முடியாது. மறுபடி நிக்காஹ் செய்தால்தான் உண்டு. ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வாப்பா இல்லாத வீட்டில் அக்காவுக்கு வலி, அதாவது கல்யாணப் பொறுப்பாளி, நான்தான், நான்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும், சந்தேகம் தீர ஒரு பேணுதலுக்காகச் செய்துவிடலாம் மாப்ளே என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதை என்னாலும் தினமும் பார்க்க முடியவில்லை. சரி என்றேன்.

சாயங்கால அசர் தொழுகை முடிந்து அக்கா வீட்டு முற்றத்தில் கூடினோம். காஜியார், சாட்சிக்கு அண்டை வீட்டுக்காரர் இருவர், நான், அவர். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தூண் பக்கத்தில் நின்றாள். முதல் கல்யாணத்தின்போது அவள் வாயே திறக்கவில்லை, கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். இந்தத் தடவை அது செல்லாது, வாயால் சொல்லவேண்டும். காஜியார் கேட்டார்.

"திமா, பக்காரிக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு கொடுக்கச் சம்மதமா?"

அக்கா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணம் முறியலைன்னு காஜியார் அன்னைக்கே சொல்லிட்டாரு. முறிஞ்சிருக்கலாம்னு நீங்கதான் சொல்றீங்க. இப்போ நான் சம்மதம்னா, முறிஞ்சதுன்னு நானும் ஒத்துக்கிட்டதா ஆகும். அதுக்கு எனக்கு இஷ்டமில்லை. அன்னைக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. இந்தத் தடவை நிய்யத்தோட சொல்லுங்க. இவளை விட்டுடறேன்னு மனசார நினைச்சு, உன் வீட்டுக்குப் போன்னு சொல்லுங்க. எனக்கும் தெளிஞ்சிடும், உங்களுக்கும் தெளிஞ்சிடும்."

காஜியார் பாதி எழுந்துவிட்டார். இதெல்லாம் விளையாட்டில்லை அம்மா என்றார். சாட்சிக்கு வந்த இருவரும் செருப்பைத் தேடினார்கள். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் சமாளித்துச் சிரித்துவிடுவான். இந்த ஆளிடம் போய், நிய்யத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய் என்றால், வைத்துத் தொலைப்பாரே. முயற்சி செய்துவிடுவாரே. அவர் வாயைப் பொத்த நான் ஒரு அடி முன்னால் போனேன். அக்கா கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது.

"உன்..." என்றார். நின்றார். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "உன்..."

அதற்குமேல் வரவில்லை. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடிக்குள் போயிற்று. நான் அவர் அழுது பார்த்ததில்லை. அழுதால் யாராவது பார்த்துப் பரிதாபப்பட்டுவிடுவார்கள் என்று அதையும் அடக்கி வைத்திருந்தாரோ என்னவோ.

"வரலை திமா" என்றார். "எல்லா இடத்துலயும் தேடிட்டேன். உன்னை விடணும்னு ஒண்ணு அங்க இல்லை."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சந்தேகம் ஏதும் இருக்கா?"

"இல்லை" என்றார்.

நான் காஜியாரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு சொல் அந்த வாயிலிருந்து வந்து நாங்கள் இருவரும் கேட்டதில்லை. சும்மா சொல்கிறாரோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றத்தான் செய்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதோடு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

"அப்போ அன்னைக்கும் இருந்திருக்காது" என்றாள் அக்கா. காஜியாரிடம் மன்னிப்புக் கேட்டாள், நிக்காஹ் வேண்டாம், வந்ததற்கு எல்லோரும் காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். சாதாரணமாகத்தான் பேசினாள். உள்ளே போகத் திரும்பியவள் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். முதல் நாளிலிருந்து அழாதவள், அத்தனை பேர் முன்னாலும் குரல் உடைந்து அழுதாள்.

"இல்லைன்னு பார்க்க உங்களுக்கு மூணு மாசமாச்சு. அந்த மூணு மாசமும் நான் ராத்திரி இந்தக் கதவைத் தாழ் போடலை."