ஒரே லைனிங், இரண்டு எண்கள்

செம்பூரில் லாரி பிரேக்கில் உரசித் தேயும் லைனிங் பட்டைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நயினார் ஒன்பது வருடமாகப் பரிசோதனை மெஷின் ஓட்டிவந்தார். லைனிங் துண்டு ஒன்றை எடைபோட்டு, சுழலும் இரும்பு டிரம்மில் ஒரு மணி நேரம் அழுத்தித் தேயவிட்டு, மறுபடி எடைபோட வேண்டும். எவ்வளவு குறைந்தது என்பதே கணக்கு. அவருக்கு எப்போதும் நாற்பது மில்லிகிராம், மிஞ்சினால் நாற்பத்தொன்று.

1965இல் அதே மெஷினில் இரண்டாம் ஷிப்டுக்கு ஜஹாங்கீர் வந்தான். அவனுக்கு ஒரு நாள் ஐம்பத்திரண்டு, மறுநாள் அறுபத்தேழு. கவனக்குறைவு என்று மெமோ கொடுத்தார்கள்.

"நான் ஒழுங்காத்தான் செய்யுதேன், அண்ணாச்சி" என்றான் ஜஹாங்கீர்.

நயினார் ஒரே லைனிங்கை இரண்டாக வெட்டினார். ஆளுக்குப் பாதி. அவருக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு அறுபது. சரக்கில் பேதமில்லை என்று தெரிந்துபோயிற்று. மறுநாள் ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தடவையும் அவன் டிரம்மை பெட்ரோல் விட்டுத் துடைத்தான். நயினாரோ பேரிங்கில் கசியும் எண்ணெயைத் துடைக்கும் அதே துணியால்தான் டிரம்மையும் துடைப்பார். எண்ணெய்ப் பூச்சில் லைனிங் எப்படித் தேயும்?

தானும் பெட்ரோலால் துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். ஐம்பத்தேழு, அறுபத்துநாலு, ஐம்பத்துமூன்று.

மாதுங்காவிலிருந்து வரும் அதிகாரி சேஷாத்ரியிடம் போய்ச் சொன்னார்.

"உங்க நம்பர்தானே இத்தனை வருஷமா மாறாம இருந்தது?"

"தப்பும் மாறாமத்தான் இருந்திருக்கு, சார். அவனுக்குக் கொடுத்த மெமோவத் திரும்ப வாங்கிக்கிடுங்க."

சேஷாத்ரி மெமோவை ரத்து செய்தார். இனி ஐந்து துண்டுகளைச் சோதித்து, மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிகமான எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். தேய்மானம் கூடத் தெரிந்தால் சரக்கு விற்காது என்று விற்பனைப் பிரிவு முணுமுணுத்தது. நயினாருக்கு வரவிருந்த சூப்பர்வைசர் வேலை நின்றுபோனது.

"சும்மா இருந்திருக்கலாம்லா?" என்றாள் மனைவி கோமதியம்மாள், தாராவி வீட்டில் சோறு பரிமாறியபடி.

"இருந்திருக்கலாம். ஆனா அவன் வேலை போயிருக்கும்லா."

மூன்று வருடம் கழித்து ஜஹாங்கீர் அம்பர்நாத்தில் வேறு தொழிற்சாலைக்குப் போனான். நயினார் அதே மெஷினில் இருந்தார். ஆரம்பத்தில் எண் ஏறி இறங்கும்போதெல்லாம் இன்னொரு தடவை எடைபோட்டுப் பார்ப்பார். பிறகு பழகிவிட்டது.