பன்னிரண்டாவது பூச்சு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. ஊருக்கு அவர் குடை. மாடி ஒழுகினால் குடையைக் கூப்பிடு, குளியலறைச் சுவர் கசிந்தால் குடையைக் கூப்பிடு. கொத்தனார்தான், ஆனால் புதுவீடு கட்டப் போகமாட்டார். கட்டிய வீட்டுக்குள் தண்ணீர் வராமல் பார்ப்பது ஒன்றுதான் அவர் வேலை. "கட்டுறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான். கட்டினதுக்குக் குடை பிடிக்க நான் ஒருத்தன்தான்" என்று தானே சொல்லிக்கொள்வார். தற்பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கை வைத்த மாடி அப்புறம் ஒழுகியதில்லை என்பதும் உண்மை. அந்த உண்மைதான் மனிதரைக் கெடுத்தது.

தண்ணீர் மேல் அவருக்கு அப்படி என்ன பகை என்று கேட்டால் அக்காவிடம் போய்ச் சேரும். சின்ன வயதில் அவர்கள் இருந்த வாடகை அறையின் கூரை, மழை வந்தால் எங்கே சொட்டும் என்று அதற்கே தெரியாது. பாயை எந்த மூலைக்கு இழுத்தாலும் தம்பி முகத்தில் ஒரு சொட்டு விழும். எட்டு வயது மூத்த அக்கா, சாப்பிடுகிற தட்டை எடுத்து அவன் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கை வலித்தால் மறுகை. தட்டில் டங் டங்கென்று சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவன் தூங்கிப்போவான். அதற்குக் கைம்மாறு செய்ய முடியுமா? முடியும் என்று நினைத்தார் குடை. அங்கேதான் வினை.

அந்த அக்கா ரொட்டி சுடும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் இறந்த பிறகும் அக்கா அடுப்பை அணையவிடவில்லை. பின்கட்டில் விறகு அடுப்பு, அதன் தலையில் செங்கல் புகைபோக்கி. இரண்டு ஆள் உயரத்துக்குக் கூரைக்கு மேலே நிற்கும். அதை ஒட்டினாற்போல அக்காவின் படுக்கையறை. புகைபோக்கியின் சூடு சுவர் வழியாக அறைக்குள் வரும். குளிர்காலத்தில் முழங்கால் வலிக்கு அந்தச் சுவர்தான் அவருக்கு வைத்தியர்.

அத்தான் இறந்த வருஷம் புகைபோக்கியில் மழைத்தண்ணீர் இறங்கி அடுப்புக்குள் கரிக்குழம்பாக ஓடியது. குடை வந்தார். உச்சியில் வெடித்திருந்த கான்கிரீட் தலையை உடைத்து, தண்ணீர் வழிந்தோட நாலு பக்கமும் வாட்டம் வைத்துப் புதிதாகப் போட்டார். வாயின் மேல் தகர மூடி நிறுத்தினார். கூரையும் செங்கலும் சேரும் இடத்தில் தகரப் பட்டை மடித்துச் சொருகினார். அவ்வளவுதான், ஒழுக்கு நின்றது. தொழில் தெரிந்தவன் செய்யவேண்டியது அந்த மூன்றும்தான். அதோடு ஏணியிலிருந்து இறங்கிக் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், இன்றைக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய வேலையே எனக்கு இருந்திருக்காது.

ஆனால் அவர் கையில் ஒரு டப்பா மிச்சம் இருந்தது. பெரிய வீட்டு மாடி ஒன்றுக்கு வாங்கிய ரப்பர் பூச்சு. காய்ந்தால் தோல் மாதிரி இழுபடும், ஒரு சொட்டு உள்ளே விடாது. வேறு யார் வீடாக இருந்தாலும் மூடி வைத்திருப்பார். இது அக்காவின் புகைபோக்கி ஆயிற்றே! அடியிலிருந்து நுனி வரை கெட்டியாக ஒரு கை ஓட்டினார். மிச்சத்தை அக்கா அறையின் வெளிச்சுவரிலும் அடித்தார்.

அது வருஷா வருஷம் நடக்கிற காரியமாகிவிட்டது. மழைக்கு முந்தின மாதத்தில் ஒரு நாள் அடுப்பு ஆறும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். அக்கா முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரொட்டியை அடுப்புக்குள் தள்ளுகிற நீளத் துடுப்பைத் தூக்கி, விட்டுப்போன இடத்தை எல்லாம் காட்டுவார்.

"டேய், அங்க விட்டுட்ட பாரு."

"எங்கக்கா?"

"உன் மூக்குக்கு நேரா இருக்குடா. கண்ணை வீட்டுல வெச்சுட்டு வந்தியா?"

ஒன்றும் விட்டிருக்கமாட்டார். இருந்தும் அக்கா காட்டிய இடத்தில் இன்னொரு தரம் இழுப்பார். அந்த நாளுக்காகவே மனிதர் வருஷம் முழுக்கக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். இப்படியே பதினொரு பூச்சு.

பதினொன்றாவதற்கு அடுத்த கோடையில் பக்கத்து மனைக்குச் செங்கல் இறக்க ஒரு சூளைக்காரர் வந்தார். ரொட்டி வாங்கப் பின்கட்டுக்கு வந்தவர் அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் ரொட்டியை மறந்துவிட்டார். அன்றைக்குக் குடையும் அங்கே இருந்தார்.

"யாருய்யா இதுக்கு ரப்பர் அடிச்சது?"

"நான்தான், வருஷத்துக்கு ஒண்ணா பதினொரு பூச்சு. ஏன்? ஒரு சொட்டு இறங்குதா சொல்லு பாப்போம்" என்றார் குடை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சூளைக்காரர் பையிலிருந்த ஆணியை எடுத்து, எட்டிய உயரத்தில் உப்பியிருந்த ஒரு கொப்புளத்தைக் குத்தினார். சிவப்பாகத் தண்ணீர் வழிந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"மேல இருந்து தண்ணி வரல, சரி. உள்ள மாவு வேகுற ஆவி, விறகோட ஈரம், அதெல்லாம் செங்கல்ல ஏறுமே, அது எங்க போகும்? வெயில்தான் அதை வெளிய இழுக்கணும். செங்கல் சட்டை இல்லாம நிக்கிற ஜாதிய்யா. நீ பதினொரு சட்டை போட்டுப் பொத்தானும் மாட்டி வெச்சிருக்க."

குடைக்கு வந்ததே கோபம்! "நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். நீ மண்ணைச் சுடுறவன், போய் மண்ணைச் சுடு" என்று சத்தம் போட்டார். சூளைக்காரர் ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கென்ன, உண்மையைச் சொல்லியாயிற்று. அதைச் சுமக்கப் போகிறவர் வேறு ஆள்.

மறுநாள் காலை, அக்கா கடையில் மும்முரமாக இருந்த நேரம் பார்த்து, குடை ஏணி போட்டு ஏறினார். சுரண்டியைப் பூச்சின் ஓரத்தில் விட்டு ஒரு கையகலம் உரித்தார். பூச்சு வந்தது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு செங்கலின் முகமும் வந்தது. உள்ளே விரலை வைத்தால் விரல் போயிற்று. வேறொரு பக்கம் உரித்தார். அங்கேயும் அப்படித்தான். நாலு பக்கமும் பார்த்துவிட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இது தலைக்கு மேல் போனது தெரியாமல் பதினொரு வருஷம் நீச்சலடித்த கதை.

கீழே முற்றத்தில் செந்தூள் கொட்டிக் கிடந்ததைப் பார்த்து அக்கா ஓடிவந்தார். கையெல்லாம் மாவு.

"என்னடா இது, செங்கல் கொட்டுது? வாங்க வந்தவங்க பயந்து நிக்கிறாங்க!"

அந்த இடத்தில்தான் குடை சொல்லியிருக்கவேண்டும். சொல்லவேண்டியது என்ன என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். அடுப்பை இன்றைக்கே நிறுத்து. முழுப் பூச்சையும் உரித்துக் காயவிடவேண்டும். கூரைக்கு மேலே இருப்பதை இறக்கிப் புதிதாகக் கட்டவேண்டும். நாலு மாதமாவது அடுப்பு எரியக்கூடாது. அக்காவின் மருமகன் வெளியூர் வேலையை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மகள் மசக்கையோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் அத்தனை வயிறும் அந்த ஒரு புகைபோக்கியின் கீழே இருந்தது.

இதெல்லாம்கூட ஒரு சாக்குத்தான். உண்மை என்னவென்றால், அக்கா அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்த பார்வையில் பயமே இல்லை. தம்பி மேலே இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்கிற நிம்மதிதான் இருந்தது. அதை உடைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"ஒண்ணும் இல்லக்கா. மேல்தோல்தான். ஒரு கை கொடுத்தா சரியாப் போயிடும்" என்றார்.

அந்த வாரமே பன்னிரண்டாவது பூச்சு நடந்தது. உரித்த இடத்தையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்து, மேலே கெட்டியாக ஓட்டினார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து துடுப்பைத் தூக்கினார். "டேய், அங்க விட்டுட்ட பாரு." குடை அங்கேயும் இழுத்தார். முதல் பதினொன்றும் தெரியாமல் செய்தது. அதற்கு யாரும் அவரைக் குறை சொல்லமுடியாது, நானும் சொல்லமாட்டேன். பன்னிரண்டாவது தெரிந்தே செய்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கையை அன்றைக்கு அவர் மூன்று தரம் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினார்.

மழை வந்தது. மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் புகைபோக்கியின் நடுவயிறு வெளியே தள்ளிவிட்டது. உள்ளே செங்கல் சேறாகி, மேல்பாரம் தாங்காமல் அமுங்கி, பூச்சுத் தோலுக்குள்ளேயே சாக்குமூட்டை மாதிரி உப்பி நின்றது. ஒரு கல்கூட வெளியே விழவில்லை. பூச்சும் கிழியவில்லை. நல்ல பூச்சு அது.

நகராட்சிப் பொறியாளர் வந்து எட்டி நின்றே பார்த்தார். அக்கா அறைப்பக்கம் சாய்ந்திருப்பதைக் காட்டி, அடுப்பை உடனே அணைக்கச் சொன்னார், புகைபோக்கியை இறக்கச் சொன்னார். அடுப்பின் வளைவிலும் விரல் போகிற அளவு பிளவு. அதுவும் ஊறிப்போயிருந்தது. "இது மேல இனிமே எதுவும் கட்ட முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இறக்குகிற வேலைக்குக் குடை வேறு யாரையும் விடவில்லை. சாரம் கட்டி, தனியாக, மூன்று நாள். கத்தியால் பூச்சை அறுத்தால் வெட்டுவாயில் பன்னிரண்டு வரியும் தெரிந்தது. செங்கல் என்று பேர், கையில் எடுத்தால் பிசைந்த மாவு. வாளி வாளியாக இறக்கினார். தகர மூடி மட்டும் போட்டது போட்டபடி, துருக்கூடப் பிடிக்காமல் இருந்தது. அதைக் கீழே கொண்டுவந்து கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரக் கடைசியில் மருமகன் பழைய வேலையைக் கேட்டு வெளியூர் கிளம்பினான். மகளும் கூடப் போனாள். பின்கட்டில் அக்கா மாவுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது குடை எதிரே வந்து நின்றார்.

"அக்கா, உன் அடுப்பைக் கெடுத்தது நான்தான்."

"என்னடா உளர்றே?"

"மழை இல்லக்கா. நான் பூசினதுதான். உள்ள இருந்த ஈரத்தை வெளிய விடாம நான்தான் அடைச்சுட்டேன். கோடையிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்கிட்ட மறைச்சு, இன்னொரு தரம் பூசினேன்."

அக்கா தட்டைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று குடை நின்றார். அறைந்தால்கூடத் தேவலை என்று நின்றார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் கன்னத்தைத் தொட்டார்.

"பைத்தியம். மூணு நாளா சாரத்துல நின்னு உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. ஊரே சொல்லுதுடா, நீ பூசினதாலதான் இத்தனை வருஷம் நின்னுச்சுன்னு. நானும் அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். எல்லாத்தையும் ஏண்டா உன் தலைல இழுத்துப் போட்டுக்கறே?"

குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்குத் தண்டனையாவது கிடைக்கவேண்டும். அதுவும் கிடைக்காதவன் எங்கே போவான்? குடை சுரண்டியை எடுத்துக்கொண்டு அக்கா அறையின் வெளிச்சுவருக்குப் போனார். அங்கேயும் பூச்சு இருக்கிறதே, பன்னிரண்டு வருஷ மிச்சம்! உள்பக்கம் கட்டிலை ஒட்டிச் சுவர் பொருமி உப்புப் பூத்திருப்பதை அவர் காலையில்தான் பார்த்திருந்தார். அதையாவது காப்பாற்றலாம். ஓரத்தில் சுரண்டியைச் சொருகி இழுத்தார். சொத்தென்று ஒரு துண்டு விழுந்தது, சிவப்பாக.

"டேய்! டேய்!" அக்கா ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "எனக்குன்னு மிஞ்சினது இந்த ஒரு அறைதாண்டா. இதையும் உடைக்கப் போறியா?"

"உரிச்சாத்தான்க்கா நிக்கும். சுவர் காயணும். சொன்னா கேளு."

"மழை இன்னும் முடியலடா! தோலை உரிச்சுட்டு மழையில நிறுத்துவியா?" அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பு அணைந்தபோது அழாதவர், மகள் போனபோது அழாதவர். "அடுப்பும் போச்சு. சூடும் போச்சு. நீயும் என்னைக் கைவிட்டுட்டா நான் எங்கடா போவேன்?"

சுரண்டி எப்போது தன் கையிலிருந்து அக்கா கைக்குப் போனது என்று குடைக்குத் தெரியவில்லை. அக்கா மாடிப்படிக்கு அடியிலிருந்து பாதி டப்பாவையும் தூரிகையையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குடை கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தார். பிறகு குனிந்து மூடியை நெம்பினார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இனி எந்த அடுப்புக்குள்ளும் போகாத துடுப்பை எடுத்து நீட்டினார்.

"அங்க விட்டுட்ட பாரு."

குடை அங்கேயும் பூசினார்.