புகைப்புரைக்குப் போன தகடு

ரப்பர் பாலில் தேங்காய்க் கதம்பை நாரைக் கலந்து உறைய வைத்தால், நார் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிற்பதில்லை. தகட்டின் எந்த ஆழத்தில் எவ்வளவு நார் தங்கும் என்று முன்கூட்டியே சொல்லும் கணித மாதிரியொன்றைக் கல்லூரியில் பணியாற்றிய காலத்திலேயே தொடங்கினேன். உடன் பணியாற்றிய ஒருவர் அதற்கு வைத்த பெயர் சேமியாக் கணக்கு. "சாரே, பாயாசத்துல சேமியா அடியில கெடக்கா, மேல கெடக்கா? உம்ம சூத்திரம் என்ன சொல்லுது?" என்பார். கட்டுரை அச்சில் வரும்போது அதுவே பதிலாகட்டும் என்றிருந்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஓர் ஆய்விதழ் கட்டுரையை ஏற்க நிபந்தனை விதித்தது. இதுவரை வெட்டாத தகடு ஒன்றை வெட்டி, அதிலுள்ள நாரின் பரவலை மாதிரி சொல்லும் அளவோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். நியாயமான நிபந்தனைதான். அத்தகைய தகடு ஒன்றே எஞ்சியிருந்தது. அதை வார்த்த ஆய்வகம் இடிக்கப்பட்டுவிட்டது.

ஜூன் மாத இடவப்பாதி மழையில், வீட்டில் வைத்திருந்த அத்தகட்டின்மேல் வெண்பூசணம் படர்ந்தது. கண் சிகிச்சைக்காக நான் திருவனந்தபுரம் சென்றிருந்த வேளையில், குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். பூசணம் பிடித்த ரப்பர் ஷீட்டைக் கண்டால் அப்பகுதியினர் எவரும் சும்மா விடமாட்டார்கள். எடுத்துச் சென்று, ஷீட்டுகளைப் புகைமூட்டி உலர்த்தும் புகைப்புரையில் தம் ஷீட்டுகளோடு மூங்கில் கழியில் தொங்கவிட்டுக் காயவைத்துவிட்டார்.

நான் திரும்பியபோது அது தேன் நிறத்தில் மேசைமேல் பளபளத்தது.

"அத்தான், நல்லா பொகை குடுத்தாச்சு. இனி பூக்காது. ஒண்ணாந்தரம்லா!"

"யாரைக் கேட்டு எடுத்தீர்?"

மனைவி குறுக்கிட்டாள். "நாந்தான் குடுத்து விட்டேன். நாத்தம் சகிக்கல்ல. எனக்க தம்பியானதுனால மெனக்கெட்டுச் செஞ்சு தந்திருக்கான்."

"நன்றி" என்றேன். அவ்வீட்டில் நான் குரல் உயர்த்தியதில்லை.

வெப்பத்தில் தகடு தன் எடையாலேயே இழுபட்டு நீண்டிருந்தது. மறுநாள் வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தேன். நார்களைச் சுற்றிலும் வெற்றிடங்கள். எந்த ஆழத்திலும் மாதிரியோடு பொருந்தவில்லை. பிழை என் சமன்பாட்டிலா, புகையிலா என்று பிரித்தறிய இனி வழியே இல்லை. பிழை என்னுடையது என்று உறுதியாகியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

எண்களைத் திருத்தி அனுப்பக் கை எழவில்லை. வீட்டில் நடந்ததை எழுத மானம் இடம் தரவில்லை. காரணம் கூறாமல் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன்.

சென்ற தை மாதம் நாகர்கோவிலில் ஒரு திருமணப் பந்தியில் அதே கல்லூரி நண்பர் எதிரில் அமர்ந்திருந்தார். பாயாசம் பரிமாறியதும் உரக்கக் கேட்டார்: "சாரே, சேமியா அடியிலயா, மேலயா? இன்னும் முடிவாகல்லியா?"

வரிசையே சிரித்தது. பந்தி முடியுமுன் எழுவது முறையல்ல. பாயாசத்தைத் தொடாமல், மற்றவர்கள் உண்டு முடிக்கும்வரை இலையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன்.