இன்ஜின் முன்னால், வண்டி பின்னால்

எங்கள் வீட்டு ஹாலில் எட்டு மாதம் ஒரு இன்ஜின் இருந்தது. ஃபிரிட்ஜுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில், பலகை மேல், பழைய பெட்ஷீட் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வருகிறவர்கள் அதன்மேல் காபி டம்ளரை வைப்பார்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒரு டீப்பாய் வாங்கித் தரச் சொல்லி வருஷக்கணக்காகக் கேட்டு அலுத்தவள் நான்.

அது என் கணவருடைய பிக்கப் வண்டியின் இன்ஜின். லிங்கராஜபுரத்தில் கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, சாவு எதுவானாலும் மடக்கு நாற்காலியும் ஷாமியானாவும் அவர் வண்டியில்தான் போகும். ஒரு நாள் எண்பது நாற்காலிகளோடு நடுரோட்டில் நின்றுவிட்டது. சிவாஜிநகர் மெக்கானிக் இன்ஜினை இறக்கிப் பார்த்துவிட்டு, "பூரா கலாஸ் சார். தூக்கிப் போட்டுடுங்க" என்றார். இவர் தூக்கிப் போடாமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இன்ஜின் இல்லாத வண்டி தெருவில் நின்றது. இன்ஜினுக்குப் பக்கத்தில் இவர் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. திண்டுக்கல்லில் இருக்கும் என் அண்ணன், தான் வேலை பார்க்கும் நூல் மில்லில் இவருக்கு ஸ்டோர் கீப்பர் வேலை பேசி வைத்தார். "வண்டிய வித்துட்டு வரச் சொல்லு" என்றார். இவர் வர ஒப்புக்கொண்டார், விற்க ஒப்புக்கொள்ளவில்லை. "அங்க லேத் பட்டறை நெறைய கீது. இன்ஜின சரி பண்ணி ஏத்திட்டா உங்க அண்ணன் மில்லுக்கே லோடு அடிப்பேன்" என்றார். மச்சானுக்குக் கீழே கைகட்டி நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் அந்த இரும்பு ஒழிந்தால்தான் மனிதர் பாயை விட்டு எழுந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த எட்டு மாதம் எங்கள் வீட்டில் நடந்த சண்டை எல்லாம் அந்த ஒரே சண்டைதான்.

பிள்ளைகளை முந்தின வாரமே ரயிலேற்றி அனுப்பிவிட்டோம். சாமான் ஏற்ற நாமக்கல் லாரி ஒன்று வந்தது. முதலில் ஏறியது இன்ஜின். அதன்மேல் என் கல்யாண பீரோவைச் சாய்த்தார்கள். லாரிக்குப் பின்னால் கயிறு போட்டு எங்கள் பிக்கப்பைக் கட்டினார்கள். கட்டி இழுக்கிற வண்டிக்கும் ஒருவர் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும், பிரேக் போட வேண்டும். அது இவர். லாரி கேபினில் டிவியும் மாதா சொரூபமும் மெத்தையும் இடம் பிடித்துவிட்டதால், இவருக்குப் பக்கத்தில் நான்.

கிளீனர் அன்றைக்கு வரவில்லை. பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை என்பதால் லாரி டிரைவர் ஒரு ஏற்பாடு சொன்னார். "ஒரு ஆரன் அடிச்சீங்கன்னா நிறுத்திருவேன். ரெண்டு அடிச்சா மெதுவாப் போவேன். அவ்வளவுதானுங்க." இவர் ரொம்ப முக்கியமான விஷயம் போலத் தலையாட்டினார்.

எட்டு மாதம் கழித்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தவர், காக்கிச் சட்டை போட்டு, தலை சீவியிருந்தார். கிளட்சை மிதித்து கியர் போட்டார்.

"இன்ஜினே இல்லையே, கியர் எதுக்கு?" என்றேன்.

"பழக்கம்" என்றார்.

தெருமுனை சர்ச் வந்தது. இவர் சிலுவை போட்டுக்கொண்டு ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். லாரி நின்றது.

இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். சர்ச்சைக் கண்டால் ஒரு ஹாரன். தகராறு வேண்டாமென்று மாரியம்மனுக்கு ஒன்று, முனீஸ்வரனுக்கு ஒன்று, தர்காவுக்கு ஒன்று. இனி அடிக்கமாட்டேன் என்று டிரைவரிடம் சத்தியம் செய்தார். அடுத்த கோயிலில் கை தானாகப் போய்விட்டது. ஓசூர் ரோட்டில் சாமிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு முறையும் டிரைவர் இறங்கி, பின்னால் நடந்து வந்து, "என்னாச்சுங்க?" என்பார். இவர், "ஒண்ணுமில்ல, கோயிலு" என்பார். அத்திப்பள்ளி வருவதற்குள் ஒன்பது முறை இப்படி நின்றோம்.

ஒன்பதாவது முறை டிரைவர் கீழே இறங்கவே இல்லை. தலையை மட்டும் நீட்டினார். "இனி நீங்க ஆரன் அடிச்சா நான் நிக்கமாட்டேனுங்க. சாமி உங்களுக்கு, ரோடு எனக்கு."

அப்போதே நான் தடுத்திருக்க வேண்டும். நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் பானட்டைத் திறக்கச் சொன்னார். எட்டிப் பார்த்தார். "இன்ஜின் எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டார். இவர் லாரியைக் காட்டி, "முந்தெ ஹோக்தா இதெ சார்" என்றார். முன்னால் போகிறதாம். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் பானட்டை மெதுவாக மூடி, போகச் சொல்லிக் கையசைத்தார்.

தர்மபுரியில் சாப்பிட்டோம். சாப்பிடும்போதும் பிறகும் இவர் பிஸ்டனைப் பற்றியே பேசினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாதாவே, இந்தக் கயிறு அறுந்து போகட்டும், இந்தச் சனியன் எங்கேயாவது ஒழியட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். உள்ளே நானும் உட்கார்ந்திருப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது வளைவில் மாதா காது கொடுத்துவிட்டாள். லாரி மெதுவானது, கயிறு தொய்ந்தது, லாரி மறுபடி வேகமெடுத்தது. ஒரு வெட்டு. கயிறு அறுந்து எங்கள் பானட்டில் விழுந்தது. இவர் ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். லாரி டிரைவர் சொன்ன சொல் தவறாதவர். நிற்காமல் போய்விட்டார்.

மலை எங்களை உருட்டிக்கொண்டு போனது. எதிரே பஸ்கள் ஏறி வந்தன. இவர் பிரேக்கை மிதித்தார், விட்டார், மிதித்தார், விட்டார். ஒரேயடியாக மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடுமாம், அதெல்லாம் பிறகு சொன்னார். ஹேண்ட் பிரேக்கை ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறு கையால் வளைவில் திருப்பினார். கருகிய வாடை மூக்கில் ஏறியது.

"மாதாவ வேண்டிக்கோ!" என்று கத்தினார்.

"வேண்டிக்கிட்டதாலதான் இது!" என்று நானும் கத்தினேன். அவருக்குக் காதில் விழவில்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது, ஆனால் பாயில் படுத்திருந்த ஆளின் முகம் அது இல்லை. ஒரு லாரி எங்கள் பக்கமாக ஏறி வந்தபோது, பாறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லாத இடத்தில் வண்டியைக் கொண்டுபோனார். நான் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் அதைப் பார்த்திருக்கமாட்டேன்.

அடிவாரத்தில் தரை சமமானதும் ரோட்டோரம் ஒதுக்கி நிறுத்தினார். சக்கரங்களிலிருந்து புகை வந்தது. எங்கள் சாமானும் இன்ஜினும் போன திசையில் ஒன்றுமே தெரியவில்லை. இவர் ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வித்துடலாம்" என்றார். "நீ உள்ள இருந்தே. எதுனா ஆயிருந்தா... உங்க அண்ணன் சொன்ன வேலைக்கே போறேன்."

எட்டு மாதம் நான் கேட்கத் தவித்த வார்த்தை. சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. படுத்திருந்த மனிதனோடு சண்டை போட்டுப் போட்டு, இவருக்கு என்ன தெரியும் என்பதையே மறந்துபோயிருந்தேன். இவரை ஒரு ஸ்டோர் ரூமில் உட்கார வைத்து நூல்கண்டு எண்ணச் சொல்லவா இவ்வளவு பாடுபட்டேன் என்றிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து லாரி டிரைவர் எதிரே வந்த டெம்போவில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். தோளில் புதுக் கயிறு. லாரி நிற்கும் இடம் வரை எங்களை இழுத்துவர டெம்போக்காரரிடம் பேசியிருந்தார். டீ குடிக்க நிறுத்தியபோதுதான் பின்னால் நாங்கள் இல்லை என்று பார்த்தாராம். புகையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "இன்ஜின் இல்லாமயா எறங்குனீங்க?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி என் கணவரிடம், "இங்கயே தெரிஞ்ச காயலாங்கடை ஒண்ணு இருக்குதுங்க. விட்டுட்டுப் போறதுன்னா பேசிவிடறேன். இல்ல, கட்டணுமா?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார்.

"கட்டுங்க" என்றேன். "நல்லா இறுக்கிக் கட்டுங்க."