அம்மாவுக்கு நான் விற்ற கல்யாணம்

புக்கிட் பெருந்துங்கில் தொழிற்சாலைகளுக்கு அட்டைப்பெட்டி விற்றுப் பிழைத்தவள் நான். பதினோரு வருடம் என் வாய்தான் எனக்கு மூலதனம். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எதைக் கேட்க ஆசை என்று இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவேன். பிறகு அதையே சொல்வேன். கம்பெனியைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டுக் கன்னியர் மடத்தில் சேருவது என்று முடிவானதும், கடைசி வியாபாரத்துக்கு அம்மாவிடம் போனேன்.

அம்மா கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்கித் தனியாளாக என்னை வளர்த்தவர். மாரியம்மன் கோயிலைத் தவிர வேறு வாசல் மிதித்ததில்லை. நான் ஞானஸ்நானம் வாங்கியபோதுகூட, ஏதோ ஒரு சாமியைக் கும்பிட்டால் சரி என்று விட்டுவிட்டார். முப்பத்தெட்டு வயதாகியும் என் கழுத்தில் தாலி ஏறவில்லையே என்பது ஒன்றுதான் அவருடைய கவலை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஜெபம், கீழ்ப்படிதல், ஏழ்மை எதைப் பற்றியும் பேசாமல், "சாமியவே கட்டிக்கிற மாதிரிம்மா" என்றேன்.

அம்மாவின் முகம் தெளிந்தது. ஆர்டர் கிடைத்ததும் வருமே ஒரு அற்பத் திருப்தி, அது அப்போதும் எனக்குள் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மடத்தில் சேரும் நாளன்று அம்மா பட்டுச்சேலை கட்டி, பக்கத்து வீட்டு அக்காவோடு வாடகை வேனில் வந்து இறங்கினார். வேனுக்குள் ஒன்பது சீர்த்தட்டு. பழம், லட்டு, மஞ்சள் குங்குமம், கலர் தாளில் சுற்றிய குத்துவிளக்கு, எனக்கு ஒரு சேலை. நடுத்தட்டில் மடிப்புக் கலையாத வேட்டி சட்டை.

வாசலில் சிஸ்டர்கள் என்னை வரவேற்க நின்றிருந்தார்கள். அம்மா என் காதருகே வந்து கேட்டார்.

"மாப்புள வூட்டுல யாரும்மா தட்டு வாங்கிக்குவாங்க?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் பொய்யை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். இல்லை, அம்மாவை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன். இங்கே இதெல்லாம் வாங்க மாட்டார்கள் என்று சொல்லி, வேன் கதவை நானே இழுத்துச் சாத்தினேன். வயதான சிஸ்டர் ஒருவர் வந்து அம்மாவின் கையைப் பிடித்து, பழத்தட்டையாவது கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு இருந்த இங்கிதம் பெற்ற பிள்ளைக்கு இல்லை.

நான்கு மாதத்தில் தீபாவளி வந்தது. அம்மாவின் கணக்கில் அது எனக்குத் தலைதீபாவளி. முறுக்கு சுட்டு, ஆட்டிறைச்சிக்குச் சொல்லிவைத்து, மெத்தைக்குப் புது உறையும் போட்டுவிட்டாராம். பக்கத்து வீட்டு அக்காதான் ஃபோனில் சொன்னார். முதல் வருடத்தில் வீட்டுக்குப் போவது மடத்தில் வழக்கமில்லை. ஆனால் காரணம் சொல்லிக் கேட்டால் தலைவி அனுப்புவார். அந்த மாதம்தான் என்னோடு சேர்ந்த பெண் ஒருத்தி தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள். நான் கேட்கவில்லை. வியாபாரத்தை உதறியவள் வீட்டையும் உதறிவிட்டாள் என்று எல்லோரும் மெச்ச வேண்டும் எனக்கு. துறவிலும் முதலாவதாக வரப் பார்த்தேன்.

தீபாவளி மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டேன். வீட்டில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. என்ன சொல்வது என்று நான் திணறுவதற்குள் அம்மாவே ஆரம்பித்துவிட்டார்.

"அவுங்க வூட்டுல விடலையா? பரவால்ல லா. கட்டிக் குடுத்த புள்ள, அவுங்க பேச்சத்தான கேக்கணும். இங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். நீ மனசப் போட்டு ஒழட்டிக்காத."

யாரும் என்னைத் தடுக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ஆமாம்மா, விடல" என்றேன்.